ஓடைக்கரைக்கு எத்தனை மீட்டர்

முகிலரசு கணினியைத் தூக்கிக்கொண்டு பேராசிரியை யசோதராவின் அறைக்கு வந்தான். நீரியல் ஆய்வில் அவருடைய மாணவன். அன்றைக்கு முகமே சரியில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

"உட்காரு. சொல்லு."

அவனுடைய ஊர் ஓடைக்குத்தான் கணக்கு. வயலில் போடும் உரம் மழைநீரோடு ஓடையில் இறங்குகிறது. ஓடை போகும் வழியில் கீழே இருக்கும் கீழூரில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கரையோரம் கொஞ்ச இடத்தை உழாமல் புல்லும் மரமுமாக விட்டுவிட்டால் உரம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எத்தனை மீட்டர் விடுவது? முகிலரசு கணினியில் போடும் கணக்கு சொல்வதை வைத்துத்தான் ஊராட்சி முடிவெடுக்கப்போகிறது.

"முதல்ல மண்ணு தண்ணியை உறிஞ்சுற வேகத்துக்கு அட்டவணையில இருந்த எண்ணைப் போட்டேன். இருபத்திரண்டு மீட்டர் வந்துச்சு. அப்புறம் அந்த வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். எட்டு மீட்டர் போதும்னு வருது. கூட்டின எண்ணும் அட்டவணை சொல்ற எல்லைக்குள்ளதான் இருக்கு மேடம். தப்பா?"

"ஏன் கூட்டினே?"

அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"கரையை ஒட்டி இருக்கறது எங்கப்பா வயல். இருபத்திரண்டு விட்டா பாதி போயிடும். அவருக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

யசோதரா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். கணினியைத் தன் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் அப்பாவின் வீட்டைக் குறித்திருந்த புள்ளியை இழுத்துக் கீழூரில் கொண்டுபோய் வைத்தார். வயலுக்கு வேறு யாரோ பெயரைப் போட்டார்.

"உங்கப்பா இப்போ கீழூர்க்காரர். இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறார். வேகம் எவ்வளவு போடுவே? போடு பார்க்கலாம்."

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அவன் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கூட்டிய எண்ணை அழித்தான். பழைய எண்ணையாவது போட்டானா? இல்லை, அதற்கும் கீழே இறங்கினான். கணக்கு ஓடி முடிந்தது. முப்பத்தைந்து மீட்டர்.

"அடக் கடவுளே!" என்றான்.

மூன்று எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினான்.

"மூணுல எது மேடம் நிஜம்?"

"தெரியாது. மூணும் நாற்காலியில உட்கார்ந்துகிட்டுப் போட்டது."

அவர் எழுந்துபோய் அலமாரிக்கு அடியிலிருந்து ஓர் இரும்பு வளையத்தை எடுத்துவந்தார். மண் தண்ணீரை உறிஞ்சும் வேகத்தை அளக்கிற வளையம். அதை அவன் கையில் கொடுத்தார்.

"கரையில இதை அடிச்சு இறக்கு. தண்ணி ஊத்தி அள. பல இடத்துல அள. என்ன வருதோ அதைப் போடு."

வளையம் கனத்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"அளந்தும் பாதி வயல் போகணும்னு வந்துட்டா? அப்பா முகத்துல எப்படி மேடம் முழிப்பேன்?"

அழுதுவிடுவான் என்று அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

"மண்ணுக்கு உங்கப்பாவைத் தெரியாதுப்பா," என்றார் யசோதரா. "அவருக்கு உன்னைத் தெரியும். என்ன வந்தாலும் நீயே போய்ச் சொல்லு."