நாரை கண்ட கோணல் கோடு

ஒரு கழிமுகத்தில் மணல் நண்டுகள் வாழ்ந்தன. கடல்நீர் வடிந்ததும் அவை வெளியே வரும். ஈர மணலைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, வளையைச் சுற்றிக் கோலம்போலப் பரப்பி வைக்கும். நீர் ஏறினால் எல்லாம் அழிந்துவிடும். மறுநாள் வேறு கோலம்.

அந்தக் கோலங்களில் எது நல்லது, எது மட்டம் என்று சொல்வது ஒரு நாரை. மணல்மேட்டில் நின்று அது பேசினால் பறவைகள் கூடிக் கேட்கும். விரும்பிய பறவைகளுக்குப் பாடமும் நடத்தியது.

"முதலில் வெளியே நின்று ஒரு சுற்று வா. பிறகு கண்டதைச் சொல். தீர்ப்பைக் கடைசியில் சொல். கோலத்துக்குள் கால் வைக்காதே." இதுதான் பாடம்.

அதனிடம் படித்த உள்ளான் என்ற சின்னப் பறவை ஒன்று தானும் பேசத் தொடங்கியது. குரல் சிறியது. ஆனால், "வடக்குப் பக்கம் உருண்டைகள் சிறுத்துப் போகின்றன, பாருங்கள். அங்கே மணல் சீக்கிரம் காய்ந்திருக்கிறது" என்று அது சொல்லும்போது பறவைகள் குனிந்து பார்த்தன.

நாரையின் மேட்டில் கூட்டம் குறைந்தது. முதலில் கூழைக்கடா வரவில்லை. பிறகு கொக்குகள். ஒருநாள் நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்தபடி நின்றது.

"நீயாவது என் பேச்சைக் கேட்க வந்தாயே" என்றது நாரை.

"சிறகு காயவேண்டும், அண்ணே. இங்கேதான் வெயில் நன்றாக விழுகிறது."

"நான் சொல்லிக்கொடுத்த வாயை வைத்துக்கொண்டு எனக்கே ஆள் இல்லாமல் செய்கிறான்" என்று நாரை முனகியது. மேட்டோரத் தண்ணீரில் மீன் ஓடியது. அதைக்கூட அது கொத்தவில்லை. தூரத்தில் உள்ளானைச் சுற்றி நின்ற கூட்டத்தையே எண்ணிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒரு செய்தி பரவியது. ஒரு கிழ நண்டு, யாரும் செய்யாத அளவுக்குப் பெரிய கோலம் ஒன்றைப் பரப்பியிருக்கிறதாம்.

"அவனுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும்" என்று நாரை பறந்தது. அவசரத்தில் கோலத்தின் நடுவிலேயே இறங்கியது. நண்டு பயந்து வளைக்குள் ஒளிந்தது. உள்ளான் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நாரை குறுக்கே நடந்தது. வெளியே வந்த பிறகுதான் கீழே ஒரு பார்வை பார்த்தது. உடனே மேட்டுக்குத் திரும்பி எல்லாரையும் அழைத்தது.

"மட்டமான வேலை! நடுவே ஒரு கோணல் கோடு. நல்ல உருண்டைகளை நசுக்கிக்கொண்டு போகிறது. எதற்காக வருகிறது, எங்கே போகிறது, அதற்கே தெரியவில்லை. கிழட்டு நண்டுக்குக் கை தளர்ந்துவிட்டது. நம் உள்ளான் தம்பி இதையும் புகழ்வார், கேளுங்கள்."

அதற்குள் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டிருந்த உள்ளான் தயங்கியது. "ஐயா, கோலம் அழகாக இருக்கிறது. அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை."

"ஏன்? குறை சொல்லப் பயமா?"

கிழ நண்டுதான் மேட்டுக்குக் கீழே இருந்த தன் வளையிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொன்னது.

"அந்தக் கோடு முழுக்க முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல் பதிந்திருக்கிறது. எனக்குப் பத்துக் கால் உண்டு, ஐயா. விரல்தான் ஒன்றும் இல்லை."

எல்லாப் பறவைகளும் நாரையின் காலைப் பார்த்தன. நாரை ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. இன்னொரு காலை ஒளிக்க இடமில்லை.

"நீங்கள் ஒன்று சொன்னால் அப்படியே நம்பினோமே, அண்ணே" என்றது நீர்க்காகம். சிறகை மடக்கிக்கொண்டு உள்ளானின் பக்கம் போய் நின்றது. மற்றவையும் சிரித்துக்கொண்டே போயின.

"அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்" என்றது உள்ளான். "பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்."

அந்தச் சொல், சிரிப்பைவிட அதிகமாக நாரையைச் சுட்டது.

பொறாமையோடு பிறர் வேலையில் இறங்குகிறவன், தான் மிதித்த இடத்தையே அதன் குறையாகக் காண்பான்.