நாற்பது நாள் மாதுளை

வைத்தியர் பூதலிங்கத்திடம் கோலப்பன் ஒன்பது வருஷமாக வேர் இடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு சீடன் தங்கக்கண் வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. ஆனால் நோயாளிகள் வாசலில் கால் வைத்ததுமே, “தங்கக்கண் இல்லையா?” என்றுதான் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் கோலப்பனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு வைத்தியரிடமும் மருந்து கிடையாது.

மாதுளை வரத்து முடிகிற சமயம், வைத்தியர் இருவருக்கும் ஆளுக்கொரு கூடைப் பழம் கொடுத்தார்.

“ரத்தம் சுண்டிப்போன பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது வேணும். தோலு வயித்துப்போக்குக்கு ஆகும். நாப்பது நாள் கெடாம வச்சிருங்க. யார் பழம் நிக்குதோ, அவன் கையில மருந்தறைச் சாவி.”

சாவி என்றதும் கோலப்பனுக்குத் தூக்கம் போயிற்று. தன் பழங்களைப் பளபளவென்று கழுவி, ஈரத்தோடு சாடியில் அடுக்கி, வாயைத் துணியால் இறுகக் கட்டினான். தங்கக்கண் வந்து கண் போட்டுவிட்டால் என்ன செய்வது? தங்கக்கண்ணோ கூடையில் கொஞ்சம் வைக்கோலைத் திணித்துப் பின்கட்டில் வைத்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் கோலப்பன் பின்கட்டில் நின்றான். தங்கக்கண்ணின் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி, அமுக்கி, முகர்ந்து பார்த்தான். பாழாய்ப்போனது ஒன்றுகூட அழுகவில்லை. மனசு கேட்காமல் அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். அடியில் ஏதாவது அழுகியிருக்குமோ என்று வைக்கோலை வெளியே எடுத்து உதறிக்கூடத் தேடினான்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பழம் வெடித்துக் கறுத்திருந்தது. கோலப்பனுக்கு அன்றைக்கே தீபாவளி. எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினான்.

“ஐயா, தங்கக்கண் லட்சணத்தைப் பாத்தீங்களா?”

“அப்படியா? வச்சுட்டுப் போ.”

நாற்பதாம் நாள் சாடியின் கட்டை அவிழ்த்தார்கள். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. பழமெல்லாம் பூசணம். தங்கக்கண்ணின் கூடையில் தோல் மட்டும் சுருங்கியிருந்தது. வைத்தியர் ஒன்றை அறுத்தார். முத்துகள் ரத்தச் சிவப்பாக இருந்தன.

வைத்தியர் சாவியைத் தங்கக்கண்ணிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“நான் எங்க ஐயா பாத்தேன்? காய்ச்சல்காரங்களை விட்டு நகர முடியல. அண்ணாச்சிதான் தினம் விடிஞ்சதும் வந்து ஒவ்வொண்ணா புரட்டி வச்சாங்க. வைக்கோலைக்கூட உதறிப் போட்டாங்க. என் மேல அம்புட்டுப் பிரியம்.”

கோலப்பனுக்குத் தலை நிமிரவில்லை. கண் கலங்கிவிட்டது.

“ஒம்பது வருஷம் ஆச்சு ஐயா. பத்துப் பழத்தைக் காப்பாத்தத் தெரியலையே எனக்கு.”

“யாருடே சொன்னது?” என்றார் வைத்தியர். “நல்லாத்தான் காப்பாத்தியிருக்க. கூடைதான் மாறிப்போச்சு.”