நடுவர் கையில் மணி

"சாமி, ரெண்டு பேர்ல யாருக்குத் தீர்ப்புச் சொல்றது? சாயங்காலம் 'சிறந்த தலைவர் யார்?'னு பட்டிமன்றம். தலையே வெடிச்சிடும் போலிருக்கு."

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் அறவாழி மடத்துச் சமையற்கட்டில் வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் தடித்த கோப்பு, மறு கையில் நடுவர் மணி. நேரம் தாண்டிப் பேசுகிறவர்களை அந்த மணியைத் தட்டித்தான் உட்கார வைப்பார். அதை வீட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு மனசே வராது.

சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யார் அந்த ரெண்டு பேர்?"

"ஒருத்தர் தீவு நாட்டு அதிபர் தெரேவா. அஞ்சே வருஷம். துறைமுகம் கட்டினார், பள்ளிக்கூடம் திறந்தார். போதும்னுட்டுப் பழையபடி பல் பிடுங்கப் போயிட்டார்."

"பல் டாக்டரா?"

"ஆமாம் சாமி. இன்னொருத்தர் மலைநாட்டுப் பிரதமர் கொர்வின். இருபத்தாறு வருஷம். ரயில் விட்டார், அணை கட்டினார். குறை சொல்ல முடியாது. ஆனா பதவியை விட மாட்டார்."

"வேற ஆள் இல்லையா?"

"இருக்காங்களே! கேட்டா, 'அவங்களுக்கு அனுபவம் பத்தாது'ம்பார். 'நான் ஒதுங்கத் தயார், மக்கள்தான் விட மாட்டேங்கிறாங்க'ம்பார்."

சொல்லிவிட்டு அறவாழி விழுந்து விழுந்து சிரித்தார்.

சாமி இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"நீங்க எத்தனை வருஷமா நடுவர்?"

"பதினேழு."

"தமிழ் டீச்சர் மீனலோசனி இந்தத் தடவை தனக்குக் கொடுங்கன்னு கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க. நல்லாத்தான் பேசுவாங்க. ஆனா அனுபவம் பத்தாது சாமி. நானும் ஒதுங்கிக்கலாம்னுதான் பார்க்கிறேன். நம்ம சனங்கதான் விட மாட்டே..."



வெங்காயம் உரித்தது சாமி. கண் கலங்கியது அறவாழிக்கு.

பாவம், அவரையும் சொல்லிக் குற்றமில்லை. பதினேழு வருஷப் பொன்னாடை, மாலை, முன்வரிசைக் கைதட்டல். லேசில் விட்டுவிட முடியுமா? கோப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் அழாக்குறையாகக் கேட்டார்.

"சாமி, இந்த ஒரே ஒரு வருஷம் மட்டும் இருந்துட்டு..."

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். அறவாழியின் கையிலிருந்த மணியை வாங்கி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.