தேர்வு நாளில் வராத நாலு பேர்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. ஒரு பயிற்சி வகுப்பின் மதிய இடைவேளையில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆசிரியர் சொன்னது. அவருக்கு ஆசீர்வாதம் சாரே சொன்னாராம். கேட்டதற்கு மேல் எதையும் சேர்க்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஆசீர்வாதத்துக்குத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தபோது வயது நாற்பத்தேழு. தலைமையாசிரியை செண்பகவடிவு அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அழுகிற பிள்ளையை உட்கார வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். "எனக்கு குரு அவங்கதான்" என்று கூச்சமில்லாமல் சொல்வாராம்.

அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். முந்தைய தேர்வில் இந்தப் பள்ளி ஒன்றியத்திலேயே கடைசிக்கு முந்தைய இடம். அதற்காக ஒன்றியக் கூட்டத்தில் செண்பகவடிவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அது ஆசீர்வாதத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் வகுப்பில் பத்தொன்பது பேர். நாலு பேருக்கு வாசிக்க வராது. அதில் முப்பிடாதி என்ற பெண் ஒரு கேள்விக்கு நாலு வட்டத்தையும் கறுப்பாக்குவாள். ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டாது. அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர் போனில் வழி சொன்னார்.

"வாசிக்கத் தெரியாததுகள அன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருக்கச் சொல்லும். எழுதுனவங்களுக்குத்தான் சராசரி. எல்லாரும் செய்யதுதான்வே."

தேர்வன்று செண்பகவடிவுக்கு வேறு பள்ளியில் மேற்பார்வை வேலை. எப்படியும் அவர் பார்க்கப் போவதில்லை என்று ஆசீர்வாதம் அவரிடம் கேட்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு பேரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீங்க வராண்டாம்."

மூன்று பேர் குதித்துக்கொண்டு ஓடினார்கள். முப்பிடாதி நின்றாள்.

"நான் பேனா வாங்கிட்டேனே சார்."

"பரவாயில்ல. வச்சிக்கோ."

தேர்வு முடிந்த மறுநாள் மற்ற மூவரும் வழக்கம்போல வந்தார்கள். "அடுத்த பரீட்சை எப்ப சார்?" என்று ஒருவன் ஆசையாகக் கேட்டான். முப்பிடாதி பையோடு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"ஏட்டி, ஏன் இங்கன நிக்க?"

"இன்னைக்கு வரலாமா சார்?"

அவர் சிரித்துவிட்டு, "வா" என்றார்.

அதற்கடுத்த நாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். பிள்ளைகள் அவளுக்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தார்கள். ஒரு நாள் மழை. யாரும் கவனிக்கவில்லை. இடைவேளை மணி அடிக்கும் வரை நனைந்துகொண்டே நின்றிருக்கிறாள். இன்னொரு நாள் ஆசீர்வாதம் விடுப்பு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் அம்மா வந்தாள்.

"சாருக்கு லீவுன்னா எம்பிள்ளைக்கும் லீவா? இப்படியே போனா தம்பியப் பாக்கட்டும்னு வீட்லயே நிறுத்திருவேன்."

அம்மா போன பிறகுதான் ஆசீர்வாதம் செண்பகவடிவிடம் நடந்ததைச் சொன்னார். செண்பகவடிவு கோபப்படவில்லை. மேசையில் கிடந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவள எப்படி டீச்சர் சரிபண்றது?"

செண்பகவடிவு துடைத்த துணியை ஜன்னலுக்கு வெளியே உதறினார்.

அந்த வாரம் முடிவு வந்தது. பள்ளி ஒன்றியத்தில் எட்டாம் இடம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பாராட்டப் போவதாகச் சுற்றறிக்கை. ஆசீர்வாதம் வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தார். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் செண்பகவடிவு சொன்னார்:

"சார், நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"கூட்டத்துக்கா டீச்சர்?"

"கூட்டத்துக்கும்தான். ஸ்கூலுக்கும் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆசீர்வாதம் வீட்டில் இருந்தார். அதிகாரிக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தார். நாற்பத்தேழு வயதில் வந்தவன் மேடையில் நின்றால் பள்ளிக்கு அழகில்லை என்று டீச்சர் நினைத்தாரோ என்றும் நினைத்தார். மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்தார்.

"கூட்டம் முடிஞ்சுதா டீச்சர்?"

"முடிஞ்சுது சார்."

"என்னையக் கேட்டாங்களா?"

"கேக்கல."

ஆசீர்வாதம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"திங்கக்கிழமை நான் வரலாமா?"

கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்று அவர் காதில் விழுந்தது. போனை வைக்கவும் முடியவில்லை.

"வாங்க சார்" என்றார் செண்பகவடிவு. குரலில் கேலி இல்லை.

திங்கட்கிழமை ஆசீர்வாதம் எட்டரைக்கே போய்விட்டார். முப்பிடாதி வெளியே நின்றாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு, தலைமையாசிரியை அறைக்கு வந்தார்.

"இன்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன் டீச்சர். நாளைக்கும் கூட்டிட்டு வருவேன். இன்னும் எத்தன நாளைக்கு அவகிட்ட 'வா'ன்னு சொல்லணும்?"

"வராண்டாம்னு எத்தன தடவ சொன்னீங்க?"

"ஒரே தடவைதான்."

செண்பகவடிவு வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"வான்னு எத்தன தடவ சொல்லணும்னு எனக்கும் தெரியல சார்."

ஆசீர்வாதம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

எனக்குச் சொன்னவர் இதோடு நிறுத்திவிட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. விசாரித்தேன். முப்பிடாதி இப்போது ஆறாம் வகுப்பு, அடுத்த ஊர் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அங்குள்ள வகுப்பாசிரியைக்குப் பழைய விஷயம் எதுவும் தெரியாது.

"வாசிப்பு பரவாயில்ல, தேறிட்டா" என்றார். "காலையில மட்டும் பேரச் சொல்லிக் கூப்பிடணும். இல்லன்னா வெளியவே நிப்பா."