ரங்கியின் செருப்பு சத்தம் போட்ட கதை

மனிதரும் பாம்பும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரட்டடிப்பட்டி என்ற சின்ன ஊரில் மாரன் செருப்புத் தைத்து வந்தான். மூன்று தோலை அடுக்கித் தட்டித் தட்டி ஒன்றாக்கிவிடுவான். தையல் எங்கே என்று தேட வேண்டும். போட்டு நடந்தால் துளிச் சத்தம் வராது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, அப்படி ஒரு செருப்பை நம்மால் தைக்க முடியுமா?

தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். அதை உரித்துவர அவன் மனைவி ரங்கி தினமும் ஊரை ஒட்டிய கல்லுக்குன்றான கரட்டுக்குப் போவாள்.

ஒரு நாள் காலையில் சூல்கொண்ட கண்ணாடி விரியன் ஒன்று மாரனின் வாசலுக்கு வந்தது.

"மாரா, நேத்து உம் பொண்டாட்டி என் வாலை மிதிச்சுட்டா. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தரம் மிதிச்சா என் பல்லு நான் சொன்னபடி கேக்காது."

"விலகிப் போறதுதானே?"

"வயிறு முட்டக் குட்டி. சட்டுன்னு நகர முடியல. முன்னெல்லாம் வெறுங்காலோட வருவீங்க, முள்ளு குத்துனா கத்துவீங்க, தூரத்துலயே தெரியும். இப்ப உன் செருப்பால பூனை மாதிரி வர்றீங்க. அது பாதத்தைத்தான் காக்கும். கெண்டைக்காலுக்கு நான் பொறுப்பில்ல."

மாரன் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தான். போகாதே என்று ரங்கியைத் தடுக்கலாம். ஆனால் பட்டை இல்லாவிட்டால் தோல் அழுகிவிடும், பிழைப்பும் போய்விடும். அவன் தைத்ததிலேயே அருமையானது ரங்கியின் செருப்புதான். அதை எடுத்துத் தையலை அறுத்தான். தோல்களுக்கு நடுவே நாலைந்து ஆவாரம் விதைகளை வைத்து மறுபடி தைத்தான்.

ரங்கி நடந்து பார்த்தாள். கறுக், கறுக்.

"என்ன மாமா இது? உன் வேலைய ஊரே கேலி பேசுமே."

"பேசட்டும். நீ திரும்பி வந்தாப் போதும் எனக்கு."

ஊரும் சிரிக்கத்தான் செய்தது. மாரனுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போச்சு என்றார்கள். ரங்கி கரட்டுக்குக் கிளம்பியபின் அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் பாதை வளைவுக்கு அப்பாலிருந்து கறுக், கறுக் என்று கேட்டது. ஆள் இன்னும் கண்ணில் படவில்லை. மாரன் அழுதுவிட்டான்.

"விரியன் முன்னாடியே ஒதுங்கிப் படுத்திருந்துச்சு மாமா," என்றாள் ரங்கி. "பத்திரமாப் போயிட்டு வா தாயின்னு சொல்லுச்சு."

மறுநாள் காலையில், சிரித்தவர்கள் எல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாரன் வாசலில் நின்றார்கள்.

அன்று தொடங்கியதுதான், தோல்செருப்பின் இந்தக் கறுக் கறுக். அதைக் கேட்டால் வழியில் கிடக்கும் பாம்பு விலகிக்கொள்கிறது. வீட்டில் காத்திருப்பவர் எழுந்து கதவைத் திறக்கிறார்.