புல்தரை கேட்ட ஓய்வு

அதிக காலம் ஆகவில்லை. போன சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் நடந்ததுதான். ஒரு நகரத்து மனமகிழ் மன்றத்தின் முன்புறம் பத்து சென்ட் புல்தரை ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பச்சையாகவே இருந்து இருந்து அது களைத்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒட்ட வெட்டினார்கள். சனிக்கிழமை நாற்காலி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாற்காலிக் கால்கள் குத்திய குழிகளில் ஐஸ்கிரீம் உருகிக் கிடந்தது. திங்கட்கிழமை மன்றச் செயலாளர் வைகுண்டம் வந்து நின்று, "கம்பளம் மாதிரி இருக்கணும், மாடத்தி" என்று தோட்டக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவார். அழகுக்கென்று நாலு மூலையிலும் பெரிய விளக்கு வைத்தவரும் அவர்தான். கோடை மழை பெய்த வாரம் அந்த வெளிச்சத்தைத் தேடி வண்டுகள் வந்தன. புல்லுக்கடியில் முட்டையிட்டுவிட்டுப் போயின.

காலையில் கொண்டலாத்திப் பறவை வரும். தலையில் விசிறிக் கொண்டை, நீண்டு வளைந்த அலகு. நாலு எட்டு நடக்கும், நிற்கும், ஒரு குத்து.

"ஐயோ!" என்றது புல்தரை. "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இடம் எவ்வளவோ இருக்கு. புழு இங்கதான் இருக்கு." கொண்டலாத்தி வெள்ளையாகச் சுருண்டிருந்த வேர்ப்புழு ஒன்றை இழுத்து எடுத்து, ஒரு தட்டு தட்டி விழுங்கியது. "முந்தா நாள் பத்து. இன்னிக்குப் பதினாலு. நீ கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வெட்டுறவனும் சொல்றான், மிதிக்கிறவனும் சொல்றான்."

கொண்டலாத்தி நாலு எட்டு நடந்தது, நின்றது. அடுத்த குத்து குத்தியது.

அது பறந்துபோன பிறகு புல்தரை கீழே பார்த்துக் கேட்டது: "யாருப்பா அங்கே?"

"நாங்கதான் தாயே" என்றது வேர்ப்புழு. "உங்க நிழல்ல ஒதுங்கிக் கிடக்கோம்."

"என்ன செய்றீங்க?"

"சும்மாதான் இருக்கோம். எங்களால உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?"

புல்தரை யோசித்துப் பார்த்தது. வலிக்கவில்லை.

"அப்புறம் என்ன? வலிக்க வைக்கிறது யாருன்னு நீங்களே பாருங்க தாயே."

ஆடி பிறந்ததும் வைகுண்டம் தரையில் ஓட்டைகளைக் கண்டார். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"என்ன மாடத்தி இது? பறவை கொத்திக் கொத்தித் தரையைச் சல்லடை ஆக்கிடுச்சே!"

"அது எங்க கொத்துதோ அங்க புழு இருக்கு சார். நமக்கு இடம் காட்டுது. கொஞ்ச நாளைக்கு அந்த விளக்கை அணைச்சு வைங்க. புல்லை ரெண்டு விரக்கடை உசரம் வளர விடுங்க. வேப்பம்புண்ணாக்கு ரெண்டு மூட்டை போடுவோம். மிச்சத்தை அந்தப் பறவையே பாத்துக்கும்."

"நீ புல்லுக்குத் தோட்டக்காரியா, பறவைக்கு வக்கீலா?"

மறுநாள் பறவையை விரட்டத் தரையைச் சுற்றி நாற்பது கம்பு நட்டு வெள்ளி ரிப்பன் கட்டினார்கள். காற்று அடித்தால் அது மினுங்கிக்கொண்டே படபடவென்று கத்தியது. எதற்குக் கத்துகிறோம் என்று ரிப்பனுக்குத் தெரியாது.

கொண்டலாத்தி மதில் மேல் வந்து உட்கார்ந்தது. "இதைப் பார்த்தா எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ கூப்பிட்டா பயந்துக்கிட்டே வருவேன். வரட்டுமா, வேண்டாமா?"

புல்தரைக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. களைப்புதான். "கொஞ்ச நாள் என்னைச் சும்மா விடேன்" என்றது.

"சரி" என்று கொண்டலாத்தி போய்விட்டது. எதிரே பள்ளிக்கூட மைதானம் இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் புல்தரைக்கு அவ்வளவு நிம்மதி. ஒரு குத்து இல்லை. தனக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று அது நம்பியது.

மூன்றாவது வாரம் மேற்கு மூலை மஞ்சளாயிற்று. தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் பரவிற்று. வைகுண்டம் மருந்து அடிக்கச் சொன்னார். மாடத்தி தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நீயாவது காப்பாத்துவியா?" என்று கேட்டது புல்தரை.

தெளிப்பான் பெருமூச்சு விட்டது. "உன்கிட்டப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நான் அடிக்கிறது மேல் மண்ணோட நின்னுடும். போன தடவை செத்தது எறும்பும் தரைவண்டும். அதுங்கதான் இந்தப் புழுவோட முட்டையைத் தின்னுக்கிட்டிருந்ததுங்க. உள்ளே இருக்கிறவனுக்கு என் வாசனைகூடப் போகலை."

புல்தரைக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. பிடிக்க வேர் எதுவும் இல்லை.

"என் கால் எங்கே?" என்று கத்தியது.

"எந்தக் கால் தாயே?" என்றது வேர்ப்புழு. இப்போது அது கட்டைவிரல் பருமன் இருந்தது.

புல்தரை எதிர் மைதானத்தைப் பார்த்துக் கொண்டலாத்தியைக் கூப்பிட்டது. ஆடிக் காற்று. நாற்பது ரிப்பன்களும் ஒன்றாகப் படபடத்தன. கூப்பிட்டது மதிலைக்கூடத் தாண்டவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் காலையில் வைகுண்டம் குனிந்து, மஞ்சளான ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். கொத்து மட்டும் வரவில்லை. கூடவே ஒரு பாய் அகலத்துக்குத் தரை எழுந்து வந்தது. கீழே ஒரு வேர்கூட இல்லை. வெளிச்சம் பட்டதும் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புழுக்கள் நெளிந்து மண்ணுக்குள் இறங்கின.

"என்ன மாடத்தி இது?"

"கம்பளம் மாதிரி கேட்டீங்க சார். சுருட்டியே எடுத்துடலாம்."

அவர் அவளை முறைத்தார். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு வாரம் இதை இப்படியே கிளறித் திறந்து போடுங்க. ரிப்பனை அவுத்துடுங்க. அந்தப் பறவை வந்து பொறுக்கிட்டுப் போகட்டும். அப்புறம் புதுசு விரிப்போம்."

"நாளைக்கு விழா!"

சாயங்காலமே லாரியில் புதுப் புல் வந்தது. பழைய மண்ணைக் கிளறாமல் அதன் மேலேயே பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். விளக்குகளைத் துடைத்து வைத்தார்கள். ரிப்பன் நல்ல நிலையில் இருந்ததால் அதை மாற்றவில்லை.

நெடுந்தூரம் வந்த அலுப்பில் புதுப் புல் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"கொஞ்ச நாள் என்னைச் சும்மா விடுங்களேன்."

"ஆகட்டும் தாயே" என்று கீழிருந்து பதில் வந்தது.