வீதிக்கொரு கதவு

உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலத்தில், வெண்கரை நாட்டை மார்த்தாண்ட வளவர் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தவர், சபையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கத்தினார்.

"அவன் நாடு வளர்ந்திருக்கிறது! என் நாடு ஏன் வளரவில்லை? உடனே வளர்ந்தாகணும்!"

கீரைப்பாத்திகூட உடனே வளராது. அதை ராஜாவிடம் யார் சொல்வது?

வித்தகராயர் என்று ஒரு சபைப் பிரதானி. மந்திரி நல்லதம்பியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். எங்கே மந்திரி வாயைத் திறந்துவிடுவாரோ என்று முந்திக்கொண்டு எழுந்தார்.

"பிரபு, நம் ஜனங்கள் பாதிப் பொழுதை வீதி வீதியாகத் திரிந்தே கழிக்கிறார்கள். குயவனுக்கு நெசவாளர் வீதியில் அரட்டை. செக்கு வீதிப் பெண்ணுக்குக் குயவர் வீதியில் வம்பளப்பு. வீதிக்கொரு கதவு போட்டுப் பூட்டுங்கள். ஆளும் தாண்டக் கூடாது, பொருளும் தாண்டக் கூடாது. அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் வளர்ச்சி பிய்த்துக்கொண்டு போகும்!"

"பிரமாதம்! எல்லா வீதிக்கும் கதவு! மீறினால் நாடு கடத்தல்!" என்று துள்ளினார் ராஜா. மந்திரி, "பிரபு, ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார். "வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்காதீர்!" என்று அதட்டு விழுந்தது.

கதவு போட்டார்கள். அடேயப்பா, என்ன வளர்ச்சி! ராஜா மேல்மாடியிலிருந்து பார்த்தால் குயவர் வீதியில் கூரை உயரத்துக்குப் பானை. நெசவாளர் வீதியில் மலையாகத் துணி. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குயவர் வீதியில் பானை உண்டு, பொங்க அரிசி இல்லை. நெசவாளர் பட்டுக் கட்டிக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம், பெண் இந்தப் பக்கம். தாலியைத் துரட்டியில் மாட்டி நீட்டினார்களாம்! அது பெண்ணின் மாமன் காதில் போய் மாட்டியது வேறு கதை.

இந்த லட்சணத்தில் ஒருநாள் காவலர்கள் பொம்மியைப் பிடித்து வந்தார்கள். செக்கு வீதிக்காரி. இடுப்பில் எண்ணெய்க் கலயத்தோடு கதவேறிக் குதித்தாளாம்.

"நான் என்ன கோட்டையையா தூக்கிக்கிட்டு ஓடினேன்?" என்று சீறினாள் பொம்மி. "குயவர் வீதியில கட்டிக்கொடுத்த என் தங்கச்சி பிள்ளை பெத்திருக்கா. விளக்குக்குச் சொட்டு எண்ணெய் இல்லாம இருட்டுல கிடக்கா. என்னை நாடு கடத்திட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"சட்டம் சட்டம்தான்! இன்றே எல்லை தாண்டட்டும்!" என்றார் ராயர்.

மந்திரி நல்லதம்பி பவ்யமாக எழுந்தார். "ராயர் சொல்வது நியாயம். ஆனால் பிரபு, எல்லா வீதிக்கும் கதவு என்றீர்கள். அரண்மனை இருக்கிற ராஜ வீதிக்குக் கதவு போட மறந்துபோனோமே? அதை முடித்துவிட்டு இவளை அனுப்பலாம்."

"அதுதானே! ராஜ வீதிக் கதவுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கணும்!" என்று ராயர் முந்திக்கொண்டார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யானை கட்டி இழுத்து வந்து கதவை நிறுத்தினார்கள். தாழ் விழுந்தது.

சாப்பாட்டு வேளை. ராஜா வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"இலை எங்கே?"

"தோட்டக்காரர் வீதியில் இருக்கிறது, பிரபு," என்றார் மந்திரி.

"சாதம்?"

"உழவர் வீதி."

"உப்பாவது வையுமய்யா!"

"உப்பளத்துக்காரர் வீதி. அப்புறம், தாங்கள் உட்கார்ந்திருக்கிற பலகை தச்சர் வீதியுடையது. கொஞ்சம் எழுந்திருங்கள்."

பலகை போயிற்று. "கிரீடம் தட்டார் வீதி," என்று அதுவும் போயிற்று. மந்திரியின் பார்வை பட்டு வேட்டிப் பக்கம் திரும்பியதும் ராஜா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கிட்டே வந்தீர், தொலைத்துவிடுவேன்!" ஓரமாகக் காவலோடு நின்ற பொம்மி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"நம் வீதியில் என்னதானய்யா விளைகிறது?" என்று அலறினார் ராஜா.

"ஆலோசனை, பிரபு. ராயர் வீட்டில் அமோக விளைச்சல். ராயரே, பரிமாறுங்கள்!"

ராயர் கைகூப்பிக்கொண்டு ஆரம்பித்தார். "பிரபு, தாங்கள் சூரியன்... சந்திரன்..."

"பிரபுவுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்," என்றார் மந்திரி. ராஜாவின் வயிறு உறுமியது வாசல் காவலனுக்கே கேட்டது.

"குவியல் குவியலாகப் பார்த்தேனே, அதெல்லாம் வளர்ச்சி இல்லையா?" ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"குவிந்து கிடந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம், பிரபு? பானை அரிசியைத் தேடிப் போகணும், எண்ணெய் விளக்கைத் தேடிப் போகணும். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கணும், பெண் கொடுத்து எடுக்கணும். அப்படித்தான் ஒரு நாடு வளரும். நாம் கதவைப் பூட்டிய பிறகு இந்த நாட்டின் வளர்ச்சியை இடுப்பில் சுமந்து நடந்த ஒரே ஆள் இதோ நிற்கிறாள். இவளைத்தான் துரத்தப் பார்க்கிறோம்."

ராஜா தலை குனிந்தார். மறு நொடியே நிமிர்ந்து, "எல்லாக் கதவையும் பிடுங்குங்கள்!" என்று கத்தினார். மந்திரி கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். "பொம்மி, உனக்கு என்ன வேணும், கேள்!"

"என் எண்ணெயைக் கொடுத்தா போதும் சாமி, பொழுது சாயுது."

கொடுத்தார்கள். அதுவும் ராஜாவின் சொந்தப் பல்லக்கில் ஏற்றி! கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பொம்மி குயவர் வீதிக்குப் போனாள்.

வித்தகராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. பிடுங்கிய கதவுகளில் ஒன்றைத் தலையில் சுமந்து வீதி வீதியாகப் போய், யாருக்கு என்ன குறை என்று கேட்டு வரணும். குயவர் வீதிக்கு வருவதற்குள் பசி கண்ணைக் கட்டியது. ஒரு வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒரு சட்டி கஞ்சி நீட்டினாள். ராயர் பழக்கத்தை விட முடியாமல், "இது எந்த வீதி அரிசி?" என்றார்.

"கஞ்சி ஆறுது, குடிய்யா," என்றாள் அவள்.